எதிர்க்கடையின் வேண்டாம் அட்டைகள்

மேடையில் அமர்ந்திருக்கும் பயண முகவர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மதிப்பிற்குரிய அண்ணி அவர்களே, மறைந்த அண்ணனின் கடையில் பதினான்கு வருடம் டிக்கெட் போட்ட தங்கை அவர்களே, விடுதிக்காரர்களே, வண்டி ஓட்டும் தோழர்களே, ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்த வாடிக்கையாளர்களே, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே எங்கேயும் போகாத வாடிக்கையாளர்களே, நான்காவது வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும் என் மனைவி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் என்னைப் பேச அழைக்கும்போது "மறைந்த அண்ணனின் நெருங்கிய நண்பர்" என்று சொன்னார். மரியாதைக்குச் சொன்னார், அவருக்கு நன்றி. ஆனால் அதை நான் ஏற்றுக்கொண்டு பேசினால், இதோ இந்தப் படத்தில் இருப்பவரே சிரித்துவிடுவார். நான் அவருக்கு நண்பன் இல்லை. நான் எதிர்க்கடை! இருபத்திரண்டு வருடம் எதிர்க்கடை! என் நாற்காலியில் உட்கார்ந்தால் அவர் நாற்காலி தெரியும். நடுவில் ஒரு ரோடு, இரண்டு கண்ணாடிக் கதவு, முப்பது அடி. நெருக்கம் என்று எங்களுக்குள் இருந்தது அந்த முப்பது அடிதான்.

எனக்கு அவர்மேல் பொறாமை. ஆரோக்கியமான போட்டி, தொழில்முறைப் போட்டி என்றெல்லாம் பூசி மெழுக விரும்பவில்லை. வயிற்றெரிச்சல்! அவர் கடைக்கதவு திறந்து ஒரு ஆள் உள்ளே போனால், எனக்கு இந்தப் பக்கம் காதில் புகை வரும். இரங்கல் கூட்டத்தில் வந்து இதையா பேசுவது என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. வேறு எங்கே ஐயா போய்ப் பேசுவேன்? அவர் இருந்தபோது ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

இரண்டு விஷயம் இன்றைக்கு இந்த மேடையிலேயே முடிவாக வேண்டும். ஒன்று, அண்ணனின் கடை. அண்ணி அதை மூடிவிடப் போவதாகச் சொன்னார். உடனே நான் தலைவரைத் தூது அனுப்பி, "கடையை நான் எடுத்துக்கிறேன்னு சொல்லுங்க" என்றேன். அண்ணனை அடக்கம் செய்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கேட்டேன். 'இரண்டாம் கிளை' என்று பலகை எழுத அளவும் கொடுத்துவிட்டேன். "கூட்டம் முடியட்டும், அவரே வந்து வாயால கேக்கட்டும், சாவியைக் குடுத்துடுறேன்" என்று அண்ணி சொல்லி அனுப்பினார். இரண்டாவது விஷயம், என் சட்டைப் பையில் ஓர் உறை இருக்கிறது. அது என் மனைவிக்கு வந்தது. நான் பிரித்துவிட்டேன். அவளுக்கு அது இப்போதுதான் தெரிகிறது, முகத்தைப் பார்த்தாலே புரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளம்மா, அதற்குத்தான் வருகிறேன்.

அண்ணனுக்கு நம் சங்கம் 'பயணச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. அந்தப் பட்டத்துக்கு நானும் மனுப் போட்டிருந்தேன். செயலாளர் இங்கே இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் தெருவில் அவரை யாராவது பயணச் செம்மல் என்று கூப்பிட்டார்களா? 'வேணாம் அண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள். ஏன்? வாயைத் திறந்தால் "வேணாம்" என்பார். பயணம் விற்கிற மனிதன் வேணாம் என்று சொல்லலாமா? சொல்லிச் சொல்லியே விற்றார்!

நான் எப்படி விற்பேன் தெரியுமா? ஆள் உள்ளே வந்ததும் வழவழவென்று படம் போட்ட புத்தகத்தை விரித்து வைப்பேன். மலை, கடல், ஏரி, தீவு, பனி! "எது வேணும் சார்?" என்பேன். என் பலகையில் என்ன எழுதியிருக்கிறது? 'நான்கு நாள், பதினோரு இடம்!' ஆச்சரியக்குறியோடு எழுதியிருக்கிறது.

அவர் புத்தகமே வைத்திருக்கவில்லை. அஞ்சலட்டை அளவுக்கு வெள்ளை அட்டை, ஒரு பேனா, அவ்வளவுதான். குடும்பமாக வந்தால் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடுவார், மற்றவர்கள் வெளியே பெஞ்சில் இருக்க வேண்டும். அட்டையின் மேலே 'வேண்டாதவை' என்று எழுதுவார். "உங்களுக்கு எதெல்லாம் பிடிக்காது? அதை மட்டும் சொல்லுங்க, போதும்" என்பார். ஒருமுறை நான் அவரிடமே, சங்கக் கூட்டத்தில், "பிடிச்சதைக் கேக்காம பிடிக்காததைக் கேக்குறீங்களே, இது என்ன தலைகீழ் வியாபாரம்?" என்று நாலு பேர் முன்னால் கிண்டலாகக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பிடிச்சது எதுன்னு கேட்டா, பக்கத்து வீட்டுக்காரன் போன இடத்தைச் சொல்லுவாங்க தம்பி. பிடிக்காததுல யாரும் பொய் சொல்றதில்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிண்டல் செய்ய எழுந்தவன் நான், கைதட்டல் வாங்கியவர் அவர்!

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று முதலில் என் கடைக்குத்தான் வந்தது. மாப்பிள்ளை பனிமலைதான் வேண்டும் என்றார். கூடப் படித்தவர்கள் எல்லோரும் போயிருக்கிறார்களாம். நான் உடனே பனிமலையை எடுத்து நீட்டினேன். விலையைக் கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். புதுப்பெண்ணை வெளியே உட்காரவைத்துவிட்டு, அண்ணன் முதலில் மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை அட்டையில் முதல் வரி என்ன தெரியுமா? 'குளிர்'! அந்தப் பெண்ணின் அட்டையில் முதல் வரி, 'நிற்கவைத்து நிற்கவைத்துப் படம் எடுப்பது.' அண்ணன் இருவரையும் ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதிக்கு அனுப்பினார். துடுப்புப் படகு, மரத்தடியில் இரண்டு நாற்காலி, வேறு ஒன்றும் கிடையாது. ஆறு நாள் இருந்துவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம் அல்லவா? என் கடைக்கும் வந்து, அட்டைக் கதை முழுவதையும் சொல்லி, "சார், நல்லவேளை பனிமலைக்குப் போகல" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய்!

இன்னொரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பெண்கள், கூட வயதான மாமனார். அந்தப் பெரியவர் அட்டையில் ஒரே ஒரு வரிதான் இருந்ததாம்: 'எனக்காக எல்லாரும் மெதுவா நடக்கிறது.' நானாக இருந்தால் என்ன செய்திருப்பேன்? பெரியவருக்குச் சக்கர நாற்காலி ஏற்பாடு செய்து, அதையும் விளம்பரத்தில் போட்டிருப்பேன். அண்ணன் என்ன செய்தார்? நேராக நீளும் கடற்கரை நடைபாதை உள்ள ஊராகப் பார்த்தார். ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்ச் இருக்கிறதா என்று தானே நடந்து எண்ணினார். "நீங்க காலைல எல்லாருக்கும் முன்னாடி கிளம்பிடுங்க ஐயா, அவங்க பின்னாடி வந்து உங்களைப் பிடிக்கட்டும்" என்றார். ஐந்து நாளும் பெரியவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார்! "ஏன் இவ்வளவு லேட்டு?" என்று பேத்திகளைக் கேட்டாராம். இந்தக் கதையைப் பெரியவரே என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் படுத்தேன்.

அவர் சொன்ன வேண்டாம்களை இந்த ஊரில் பாதிப் பேர் மனப்பாடமாக வைத்திருக்கிறீர்கள். புதுச் செருப்போடு மலை ஏற வேணாம். போய் இறங்குற அன்னிக்கு எதையும் பார்க்க வேணாம், குளிச்சிட்டுத் தூங்குங்க. எல்லார் துணியையும் ஒரே பெட்டியில அடைக்க வேணாம், பெட்டி தொலைஞ்சா மொத்தக் குடும்பமும் மாத்துத்துணி இல்லாம நிக்கும். லிஃப்ட் பக்கத்து ரூம் வேணாம். படி எத்தனைன்னு கேக்காம அருவி வேணாம், இறங்க இருநூத்திப் பதினாறு படின்னா ஏறவும் அதே இருநூத்திப் பதினாறுதான். ரெண்டு பேருக்கும் பேச ஒண்ணும் இல்லைன்னா அமைதியான இடம் வேணாம், கடைத்தெரு இருக்கிற ஊருக்குப் போங்க. இந்தக் கடைசி ஒன்றைக் கேட்டதும் சிரிக்கிறீர்களே, எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார்?

இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரிந்தது? அதுதான் என்னைத் தூங்கவிடாத கேள்வி. ஒரு விடுதியைத் தன் ஆட்களுக்குச் சொல்வதற்கு முன்னால் தானே போவார். விடுதிக்காரர்கள் என்ன செய்வீர்கள்? முகவர் வருகிறார் என்றால் இருப்பதிலேயே நல்ல அறையைக் கொடுப்பீர்கள், தட்டில் பழம் வைப்பீர்கள். எனக்கு அப்படித்தான் கொடுத்தீர்கள், நானும் பழத்தைத் தின்றுவிட்டு 'அருமை' என்று எழுதினேன். அவர் மட்டும் ரிசப்ஷனில் நின்று, "உங்ககிட்ட இருக்கிறதிலேயே மட்டமான ரூம் எது? அதைக் குடுங்க" என்பார். தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறை, சமையலறைப் புகை வரும் அறை, பைப் சொட்டும் அறை, அங்கே படுப்பார். "இந்த ரூமே தாங்கும்னா மத்ததெல்லாம் தாங்கும்" என்பார். அவர் அட்டைகளில் விடுதி விடுதியாக அறை எண் இருக்கும், எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று.

இப்போது என் மானத்தை நானே வாங்குகிறேன், கேளுங்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு கடற்கரை விடுதி. புத்தகத்தில் பார்த்தேன். ஜன்னலைத் திறந்தால் கடல்! முப்பத்தாறு பேரைத் திரட்டினேன். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, அதோ உட்கார்ந்திருக்கிற தங்கை, ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வந்தாள். "சார், அண்ணன் சொல்லச் சொன்னாரு. அந்த ஓட்டலுக்கும் கடலுக்கும் நடுவுல பெரிய சுவர் எழுப்பிட்டாங்களாம். போன மாசம் போய்ப் படுத்துப் பார்த்தாராம். ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக வேணாம்னாரு." நான் என்ன செய்தேன்? "ஆளுங்களைக் கலைச்சு அந்தப் பக்கம் இழுக்கத்தானே இந்த வேலை? போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லு, எதிர்க்கடைக்காரன் வாய்ல விரலை வச்சாக் கடிக்கத் தெரியாதவன் இல்லன்னு சொல்லு" என்று விரட்டினேன். நினைவிருக்கிறதா தங்கச்சி? தலையாட்டுகிறாள், நினைவிருக்கிறது.

முப்பத்தாறு பேரும் போனார்கள். ஜன்னலைத் திறந்தால் சுவர்! குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி நின்று, காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் கடல் தெரிந்ததாம், உள்ளங்கை அகலத்துக்கு. திரும்பி வந்த அன்றைக்கு முப்பத்தாறு பேரும் பெட்டியோடு என் கடை வாசலில் நின்றார்கள். அண்ணன் அவர் கதவைத் திறந்தார். சரி, வேடிக்கை பார்க்க வருகிறார் என்று நினைத்தேன். வந்து பார்க்கவில்லை. கதவைத் திறந்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார். என் அவமானத்தைப் பார்க்கக் கூடாது என்று இழுத்துவிட்டார்! அவர் வந்து சிரித்திருந்தால்கூட அன்றைக்கு எனக்கு ஆறியிருக்கும். அந்தத் திரைச்சீலையை நான் மன்னிக்கவே இல்லை.

அப்புறம் நானும் அட்டை போட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவரைப் பார்த்துச் செய்ததாகத் தெரியக் கூடாதே! 'பிடித்தவை' என்று நாற்பது கேள்வி அச்சடித்தேன். எல்லோரும் நாற்பதுக்கும் டிக் போட்டார்கள். நாற்பதையும் நான்கு நாளில் காட்டினேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் திரும்பி வந்து, "தம்பி, நல்ல டூர். பஸ் ஜன்னலை ரொம்ப நல்லாப் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், நானோ அச்சகத்துக்காரன் கேள்வியைத் தப்பாக அடித்துவிட்டான் என்றேன்.

இனி, முக்கியமான பொறாமைக்கு வருகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். என் மனைவி குடையை மடக்கிக்கொண்டு தெருவில் வருகிறாள். என் கடைக்குத்தான் வருகிறாள் என்று எதிர் நாற்காலியைத் துடைத்து வைத்தேன். அவள் ரோட்டைத் தாண்டவில்லை. நேரே எதிர்க்கடைக் கதவைத் திறந்து உள்ளே போனாள்! பயண முகவரின் மனைவி, எதிர்க்கடைக்குப் போகிறாள்! கசாப்புக் கடைக்காரன் மனைவி பக்கத்துக் கடையில் கறி வாங்கினால் தெரு சிரிக்காதா? நாற்பது நிமிடம் இருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அண்ணன் ஏதோ கேட்கிறார், இவள் ஏதோ சொல்கிறாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள், அவர் எழுதுகிறார். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருடம் ஆகியிருந்தது என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணி முடிக்கவில்லை.

வீட்டுக்குப் போய், "எங்க போயிருந்தே?" என்றேன். "சும்மாதான்" என்றாள். அந்தச் 'சும்மா'வை இரண்டு வருடமாக மென்றுகொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு முறை போனாள், அப்புறம் போகவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவளும் அவள் அக்காவுமாக எங்கேயோ போகத் திட்டம் போட்டிருக்கிறாள், என்னைக் கழற்றிவிட்டுப் போகிறாள், அதுவும் அவர் கையால் போகிறாள்! எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சுக் குறைந்தது. உப்பு இருக்கா, விளக்கை அணைச்சியா, இந்த மாதிரிப் பேச்சுதான் மிஞ்சியது.

அண்ணனையும் விடவில்லை. தினமும் காலை பத்து மணிக்கு இரண்டு ஷட்டரும் ஒரே நேரத்தில் தூக்கப்படும். அவர் இந்தப் பக்கம் திரும்பி ஒரு கை தூக்குவார். இருபது வருடம் நானும் பதிலுக்குத் தூக்கினேன், வேண்டாவெறுப்பாகவாவது தூக்கினேன். அந்த மழை நாளுக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். அவர் கை தூக்கும்போதெல்லாம், ஷட்டர் பூட்டில் ஏதோ கோளாறு மாதிரிக் குனிந்துகொள்வேன். இரண்டு வருடம்! பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. அவரும் ஒரு நாள்கூடக் கை தூக்காமல் இருந்ததில்லை.

போன மாதம் ஒரு மலை விடுதிக்குப் போனார். மேலாளர் நல்ல அறை கொடுத்திருக்கிறார், இவர் வழக்கம்போல மறுத்துவிட்டு மோட்டார் பக்கத்து அறையை வாங்கிப் படுத்திருக்கிறார். தூக்கத்திலேயே போய்விட்டார். மேசைமேல் ஒரு அட்டை இருந்ததாம்: 'இந்த அறை யாருக்கும் வேண்டாம். மோட்டார் சத்தம்.' சாகும்வரை வேலை பார்ப்பேன் என்று நாம் எல்லோரும் வாயால் சொல்வோம். இந்த மனிதர் செய்தே காட்டிவிட்டார்! அதிலும் என்னை முந்திவிட்டார்!

அண்ணி ஒரு முடிவு எடுத்தார். "அந்த அட்டையெல்லாம் அவங்கவங்க மனசு விட்டுச் சொன்னது. கடையில கிடக்கக் கூடாது, அவங்ககிட்டயே போய்ச் சேரணும்" என்றார். தங்கை ஒவ்வொன்றையும் உறையில் போட்டு வீடு வீடாகக் கொடுத்தாள். போன வியாழக்கிழமை என் கடைக்கு வந்து, "சார், இது உங்க வீட்டு அக்காவோடது, குடுத்துடுங்க" என்று ஒரு உறையைக் கொடுத்தாள். நான் கொடுத்தேனா? அவள் ரோட்டைத் தாண்டுவதற்குள் பிரித்துவிட்டேன். பொறாமைக்காரனுக்கு ஏது வெட்கம்? பட்டியலில் என் பெயர் இருக்கும் என்றுதான் பிரித்தேன். 'வேண்டாதவை: என் புருஷன்' என்று எழுதியிருக்கும் என்று நினைத்தேன்.

அம்மா, நான்காவது வரிசை! இது உன் அட்டை. நீ வேண்டாம் என்றால் இப்படியே உன் கையில் கொடுத்துவிடுகிறேன். படிக்கட்டுமா? என்ன? கொஞ்சம் சத்தமாச் சொல்லு. "திருட்டுத்தனமாப் பிரிச்சாச்சு, அப்புறம் என்ன கேள்வி, படிங்க" என்கிறாள். கேட்டீர்களா? இருபத்தெட்டு வருடமாக எங்கள் வீட்டுச் சட்டம் இதுதான். படிக்கிறேன்.

'காலை ஐந்து மணிக்கு எழுப்புவது.' இது நான். 'கொடி பிடித்த ஆளின் பின்னால் ஓடுவது.' இதுவும் நான்தான், கல்யாணமான புதிதில் இவளைக் கூட்டிக்கொண்டு போனேன், நான்கு நாள் பதினோரு இடம், மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தாள். 'ஓட்டலுக்கு ஓட்டல் நானும் இதே தொழில்தான் என்று சொல்லி ரூமை மாற்றிக் கேட்பது.' சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! இதைச் சொல்லும்போதுதான் அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

இனி, கடைசி வரி. 'தனியாகப் போவது.'

அதற்குக் கீழே அண்ணனின் கையெழுத்தில் இருப்பதை அப்படியே படிக்கிறேன். "அக்காவோடு போகலாமே என்று கேட்டேன். அதுவும் தனியாப் போறதுதானே அண்ணா என்கிறார். மூன்று முறை வந்தார். வீட்டில் கேட்கத் தயங்குகிறார், கோபித்துக்கொள்வார் என்கிறார். ஆகவே இப்போதைக்கு எங்கேயும் அனுப்ப வேண்டாம். எதிர்க்கடைத் தம்பி வரும்வரை காத்திருக்க."

எதிர்க்கடைத் தம்பி வரும்வரை காத்திருக்க! இரண்டு வருடம் காத்திருந்திருக்கிறார் ஐயா! வந்த வியாபாரத்தை விட்டுவிட்டு, தினமும் காலையில் கை தூக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறார். நான் பூட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டிருந்தேன்.

என் மனைவியின் மனதில் இருந்தது எனக்குத் தெரியவில்லை, முப்பது அடி தள்ளி இருந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது? கேட்டார், அதனால் தெரிந்தது! நான் கேட்கவில்லை. ஊரில் இருக்கிறவர்களிடமெல்லாம் எங்கே போகணும், எப்போ போகணும் என்று கேட்டேன். இவளிடம் ஒரு தடவை கேட்டேனா? இதற்கும் நான் அவர்மேல் பொறாமைப்படுகிறேன். இந்தப் பொறாமை என்னைவிட்டுப் போகாது, போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவும் இல்லை.

உறைக்குள் இன்னொரு அட்டையும் இருந்தது. மேலே 'எதிர்க்கடைத் தம்பி' என்று எழுதி, 'வேண்டாதவை' என்று தலைப்புப் போட்டிருக்கிறார். கீழே ஒன்றும் இல்லை, வெறுமையாக இருக்கிறது. அவர் யாருக்காகவும் தானே நிரப்ப மாட்டார், அவரவர் வாயால் சொல்ல வேண்டும். செயலாளர் அவர்களே, உங்கள் பேனாவைக் கொடுங்கள். மேடையிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒன்று. அண்ணன் கடை எனக்கு வேண்டாம். அண்ணி, என் வாயால் கேட்கச் சொன்னீர்கள், என் வாயாலேயே சொல்கிறேன், வேண்டாம். தலைவர் அவர்களே, நான் தூது அனுப்பியதை வாபஸ் வாங்குகிறேன்.

இரண்டு. எதிர்க்கடை பூட்டிக் கிடப்பது எனக்குப் பிடிக்காது. இந்த ஒரு மாதமாகப் பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்குகிறேன், எதிரே இரும்புத் தகடுதான் தெரிகிறது. வேலை செய்யக் கை ஓடவில்லை. யாரை எரிச்சலோடு பார்ப்பேன்? யாரைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்று துடிப்பேன்? அண்ணி, தயவுசெய்து மூடாதீர்கள். தங்கைக்கு அந்தக் கடையில் தெரியாதது ஒன்றும் இல்லை, அட்டை எழுதத் தெரியும், அண்ணனிடம் பதினான்கு வருடம் பாடம் கேட்டவள். அவள் நடத்தட்டும். அதோ, அண்ணி சாவியைத் தங்கை கையிலேயே வைத்துவிட்டார், நன்றி அண்ணி! என்ன உதவி வேண்டுமானாலும் செய்கிறேன். ஆனால் ஒன்று, போட்டியில் விட்டுக்கொடுக்க மாட்டேன். என் பலகையில் இருக்கிற 'பதினோரு இடம்' நாளையோடு அழிகிறது. இனிமேல் நானும் மட்டமான ரூமில் படுப்பேன். விடுதிக்காரர்களே, தட்டில் பழம் வைக்காதீர்கள்! அண்ணன் தொடங்கிவைத்த வேலையைத் தெருவுக்கு இரண்டு பக்கமும் செய்வோம் என்று இந்தப் படத்துக்கு முன்னால் உறுதி சொல்கிறேன்.

மூன்று. இதை நான்காவது வரிசையைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். தனியாகப் போவது எனக்கும் பிடிக்காதும்மா. இவ்வளவு நாளும் அதைச் சொல்லத் தெரியாமத்தான் சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். நாளைக்குக் காலைல பத்து மணிக்கு நாம ரெண்டு பேரும் எதிர்க்கடைக்குப் போவோம். நான் வெளியே பெஞ்சுல உட்கார்றேன், நீ முதல்ல உள்ளே போ. எங்க அனுப்புறாங்களோ அங்க போவோம். எந்த ஓட்டல்லயும் நானும் இதே தொழில்தான்னு சொல்ல மாட்டேன். வர்றியா? என்னது? "முதல்ல கண்ணைத் துடைச்சுக்கிட்டு இறங்கி வாங்க" என்கிறாள். வருகிறாள் என்றுதான் அர்த்தம், இருபத்தெட்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

பெருமக்களே, கொடுத்த பத்து நிமிடத்தைத் தாண்டி வெகுநேரம் பேசிவிட்டேன், பொறுத்துக்கொண்டீர்கள். கடைசியாக ஒன்று, தங்கைக்கு. தங்கச்சி, நாளைக்குக் காலைல அந்த ஷட்டரைத் தூக்கினதும், இந்தப் பக்கம் திரும்பி ஒரு தடவை கை தூக்கும்மா. நான் குனிய மாட்டேன்.